ஒரகடத்தில் நின்றுபோன இங்கிலாந்துக் கல்யாணங்கள்

நான் ஒரகடத்துக்குப் போனது காணாமல்போன கல்யாணங்களைத் தேடி. அதுவும் நேற்று இன்று நடந்தவை அல்ல, நானூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்தவை. சென்னை விமான நிலையத்தில் எதற்காக வந்தீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் இதை விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "சொந்தக்காரங்களைத் தேடி வந்திருக்கீங்க" என்று தானே முடிவு செய்து முத்திரை குத்தினார். ஒரு விதத்தில் அது உண்மைதான். யாருடைய சொந்தக்காரர்கள் என்பதில்தான் சிக்கல்.

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். இருபத்தாறு வருடமாக இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, வெயில் அடித்தால் ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்லிக்கொள்ளும் ஒரு சின்ன ஊரில். அங்கே குடும்ப வரலாற்றுச் சங்கம் ஒன்றில் எனக்கு வேலை. டியூடர் அரசர்கள் காலத்து நிலக்கிழார் வீடுகளில் யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு யார் என்ன உறவு என்று அட்டவணை போடுகிறோம். நிலக்கிழார் என்றால் பிரபு இல்லை, ஏழையும் இல்லை. சொந்த நிலம், சொந்தக் குதிரை, பக்கத்து வீட்டுக்காரன்மேல் சொந்தமாக ஒரு வழக்கு, இவை மூன்றும் உள்ளவர்கள்.

பழைய கிறிஸ்தவக் கோயில் பதிவேடுகளைப் படம் பிடித்து நாங்கள் அனுப்புவோம். சென்னைக்கு வெளியே, கார் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரகடத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் பதினோரு பெண்கள் அவற்றைப் படித்து, தட்டச்சு செய்து, அட்டவணையாக்கித் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வருடமாக ஒழுங்காக நடந்தது. பிறகுதான் எங்கள் தலைவி மார்கரெட் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்தில் நிலம் கைமாறாமல் இருக்க ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களுக்குள்ளேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டவர்கள் ஏராளம். ஒரகடத்திலிருந்து வந்த அட்டவணையில், ஒரு மாவட்டம் முழுக்கத் தேடினாலும், அப்படி ஒன்றுகூட இல்லை.

"கடினமான கையெழுத்து வந்தால் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள்," என்றார் மார்கரெட். எழுபத்தொரு வயது, குரல் உயராது, அதனால்தான் பயம். "ஐந்து நாள் தருகிறேன். போய்ப் பார். தாண்டுவது உண்மை என்றால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு வா. இப்போது கணினியே படித்துவிடுகிறது." பதினோரு பேருடைய பிழைப்பு என் பெட்டிக்குள் சட்டை துணிமணியோடு சேர்ந்து வந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் நான் தங்கிய விடுதி கொரியாக்காரர்களுக்காகவே கட்டப்பட்டது போலிருந்தது. அறிவிப்புப் பலகையில் கொரிய மொழி, அதன் கீழே ஜப்பான் மொழி, அதற்கும் கீழே ஆங்கிலம். தமிழ், தீயணைக்கும் கருவிக்குப் பக்கத்தில் மட்டும். திங்கட்கிழமை காலை ஆசையோடு இட்லி கேட்டேன். பரிமாறுபவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இட்லி சொல்லி வெக்கணும் மேடம். கிம்ச்சி சூடா கீது."

ஊறவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சி எப்படிச் சூடாக இருக்க முடியும் என்று கேட்காமல் வெளியே நடந்து, சாலையோரக் கடையில் நின்றுகொண்டே பொங்கலும் வடைகறியும் சாப்பிட்டேன். இருபத்தாறு வருடமாகக் காலையில் ரொட்டியைக் கடித்து வந்த வாய்க்கு அந்த வடைகறி புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் இன்னொரு கிண்ணம் வாங்கினேன்.

விடுதிக் கார் ஓட்டுநர் என்னை ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் இறக்கிவிட்டார். "ஆபீஸ் அந்தாண்ட கீது மேடம், நடந்தே போய்டலாம்." அந்தாண்டைக்கும் இந்தாண்டைக்கும் நடுவே புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் தெருவைக் கடக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், உலகமே நிற்கும். இங்கே அழுத்துவதற்குத் தூணைத் தவிர ஒன்றும் இல்லை.

கழுத்தில் சங்கத்தின் அடையாள அட்டை நீல நாடாவில் தொங்க நான் நின்றிருந்தேன். ஒரு வெள்ளைப் பேருந்து வந்து நின்றது. உள்ளே இருந்த அத்தனை பெண்களின் கழுத்திலும் நீல நாடா. படியில் நின்ற ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாக்கா, பேய் அடிச்ச மாரி நின்னுகினு கீற? ஏறு ஏறு, கார்டு பன்ச் லேட்டாய்டும்!" சாலையைக் கடக்கத்தான் உதவுகிறாள் என்று நினைத்து ஏறிவிட்டேன். இங்கிலாந்தில் இருந்து பழகியதன் குறை இது. அங்கே ஓட்டுநர் என்னிடம் மூன்று கேள்வியாவது கேட்டிருப்பார்.

பேருந்து சாலையைக் கடந்தது, அலுவலகம் இருக்கும் வடக்குப்பட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனது, இரண்டு ஏரிகளைத் தாண்டி ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றது. காவலாளி தென்காசிப் பக்கத்து மனிதர், பேச்சிலேயே தெரிந்தது. "எந்த லைன் தாயி நீங்க?"

"நான் லைன் இல்லீங்க. கல்யாணப் பதிவு விஷயமா வந்திருக்கேன்."

அவர் முகம் மாறிவிட்டது. "மேட்ரிமோனிக்காரவளா? உள்ள விடப்படாதுன்னு ஆர்டராக்கும். போன மாசம் ஒருத்தி கேன்டீன்ல வச்சு ஜாதகம் விநியோகம் பண்ணிட்டுப் போயிட்டா. நாலு நாள் லைன்ல ஒருத்தனும் ஒழுங்கா வேலை பாக்கலை."

இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்தில் அவரே என்னை ஏற்றிவிட்டார். உள்ளே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண்ணின் தலை மெதுவாக என் தோளில் சாய்ந்து அங்கேயே தங்கிவிட்டது. அசைந்தால் விழித்துவிடுவாள் என்று ஒரகடம் வரும்வரை மூச்சை அளந்து விட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு, பெயின்ட் கடைக்கு மேலே மாடியில் இருந்த அலுவலகத்தின் படியேறினேன்.

"வாங்க மேடம். காலைலேர்ந்து வாசலையே பாத்துக்கினு கீறோம்," என்றாள் கோமதி. அந்த அலுவலகத்தைத் தொடங்கி நடத்துபவள் அவள்தான். வடக்குப்பட்டுக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். காருக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் ஏழு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்துவிட்டு, கூட வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு இதை ஆரம்பித்திருக்கிறாள். சுவரில் இருந்த வருகைப் பலகையைக் காட்டினாள். பதினோரு பேரும் எட்டே முக்காலுக்கு வந்திருந்தார்கள். தணிக்கைக்கு வந்த நான் வந்தது பதினொன்றரைக்கு. என் பெயரையும் அதில் எழுதி, எதிரே நேரத்தைச் சிவப்பில் குறித்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். தாண்டியது ஒரு பக்கம்கூட இல்லை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் படித்தவள் கையெழுத்து, சரிபார்த்தவள் கையெழுத்து. நானே பூதக் கண்ணாடி வைத்துத் தடுமாறும் வரிகளை மண்ணூரிலிருந்து வரும் ஸ்டெல்லா தினத்தந்தி படிப்பதுபோல் படித்துக்கொண்டு போனாள். எப்படி என்று கேட்டேன்.

"ஆறு வருசம் மெடிக்கல் ஷாப்ல இருந்தேன் மேடம். டாக்டர் சீட்டு படிச்சவளுக்கு இதெல்லாம் அச்சடிச்ச மாரி."

மத்தியானம் கோமதி ஏரி மீன் குழம்பைத் தன் டிபனிலிருந்து எனக்குப் பாதி ஊற்றினாள். முள் எடுக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பதினோரு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ஸ்டெல்லா என் தட்டை வாங்கி முள்ளை எடுத்துத் தந்தாள். தணிக்கை அதிகாரிக்கு இருக்க வேண்டிய மரியாதை அதோடு போயிற்று. மேடம் என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

கை கழுவப் போகும்போதுதான் மூலையில் மூன்று பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவனித்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்புக்கு மட்டும் பூட்டு.

"பச்ச ஓகே பீஸ். மஞ்ச, எழுத்து தெளிவா இல்லாதது. செவப்பு என்ஜி," என்றாள் கோமதி. தொழிற்சாலையில் தேறாத பொருளுக்கு அதுதான் பெயராம். "வயசு தப்பு, பேரு தப்பு, தேதி தப்பு. அந்த மாரி தப்பான கல்யாணம்."

திறக்கச் சொன்னேன். உள்ளே கட்டுக்கட்டாக அட்டைகள். அட்டைக்கு ஒரு கல்யாணம். ஒவ்வொன்றிலும் சிவப்புச் சீட்டு ஒட்டி, அழகான கையெழுத்தில் காரணம் எழுதியிருந்தது. "சித்தப்பா மகள்." "பெரியம்மா மகன்." "அப்பாவின் இரண்டாம் தாரத்து மகள், தங்கை முறை." "பங்காளி. கட்டக்கூடாது."

இங்கிலாந்தின் ஒரு மாவட்டத்தில் முறை தவறி நடந்த கல்யாணம் அத்தனையும் ஒரகடத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி நின்றுவிட்டது. பக்கம் தாண்டியிருந்தால் சோம்பல் என்று சொல்லி ஒரு எச்சரிக்கையோடு விடலாம். இது அதைவிட மோசம். எந்தக் கல்யாணம் நடந்திருக்கலாம், எது நடந்திருக்கக் கூடாது என்று இவர்களே தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். மார்கரெட் இதை மன்னிக்கவே மாட்டார்.

"இதையெல்லாம் ஏன் விட்டீங்க கோமதி?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? பெரிய வூட்டு ஜனம், நெலம் நீச்சு கீறவங்க, போயும் போயும் சித்தப்பன் பொண்ணையா கட்டுவாங்க? எழுதுனவன் தூக்கத்துல எழுதிக்கீறான். நாங்க ஒரு எழுத்தக்கூட திருத்தல. உங்க பேப்பர்ல சொன்ன மாரிதான் செஞ்சோம்." சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்த தாளைக் காட்டினாள். 'பிழை என்று தோன்றும் பதிவைத் திருத்த வேண்டாம். தனியே எடுத்து வைக்கவும்.' அதன் கீழே கையெழுத்து. கையெழுத்து என்னுடையது.

அப்பாவின் சித்தப்பா மகளை அத்தை என்று அழைத்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் இந்த விளக்கம் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வெளிநாட்டில் நெடுநாள் இருந்தால் தலைக்குள் சில அறைகள் பூட்டிக்கொண்டு விடுகின்றன.

புதன்கிழமை நான் பாடம் எடுத்தேன். அந்த நாட்டில் சித்தப்பா மகளைக் கட்டலாம், சட்டம் தடுக்கவில்லை. தாரமிழந்தவர் ஒரு விதவையைக் கட்டினால் இருவர் பிள்ளைகளும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மனைவி இறந்துபோனால் அவள் தங்கையைக் கட்டக்கூடாது, அது பாவம். மூன்றாவதைச் சொன்னதும் அறையே கொதித்தது, கோமதிதான் முதலில் வெடித்தாள்.

"அக்கா பூட்டா தங்கச்சிதானே புள்ளைங்கள பாக்கணும்? வேற எவளோ வந்து பாப்பாளா? கட்டக்கூடாதத கட்டுறாங்க, கட்ட வேண்டியத கட்ட மாட்டேங்குறாங்க. இன்னா ஜனம் மேடம் இது!"

கோமதி சிவப்புப் பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுக்கு இன்னா சொல்றீங்க? வில்லியம் தார்ன்பி, பொண்டாட்டி செத்துப்பூட்டவன். ஆக்னஸ் வென்லோ, புருசன் பூட்டவ. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கினாங்க. அத தப்பு சொல்லல. அதே நாள், அதே கோயில்ல, இவன் பையன் தாமஸுக்கும் அவ பொண்ணு ஜோனுக்கும் கல்யாணம். காலைல அண்ணன் தங்கச்சி, மத்தியானம் புருசன் பொண்டாட்டி!"

"ஒருவேள புள்ளைங்க கல்யாணம் மொதல்ல முடிஞ்சிருந்தா?" என்றாள் ஸ்டெல்லா.

"அது இன்னும் மோசம்டி. அப்ப பெரியவங்க ரெண்டு பேரும் சம்பந்தி. சம்பந்தியும் சம்பந்தியும் கட்டிக்குவாங்களா? தட்டு மாத்தணும்னா யாரு யாருக்கு மாத்துறது? இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கா?"

அரை மணி நேரம் வேலை நின்றது. எது முதலில் நடந்திருந்தால் பாவம் குறைவு என்று பதினோரு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "எங்க கோயில்ல மூணு வாரம் கல்யாண ஓலை வாசிப்பாங்க," என்றாள் ஸ்டெல்லா. அவள் கத்தோலிக்கக் குடும்பம். "இது மாரி இருந்தா யாராவது எழுந்து நின்னு சொல்லிடுவாங்க. ரொம்ப அவசியம்னா பிஷப்பாண்ட பர்மிஷன் வாங்கணும்."

நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தாமஸ் தார்ன்பி என்ற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் மார்கரெட்டின் நாற்காலிக்குப் பின்னால் அவருடைய சொந்தக் குடும்பத்தின் வரைபடம் மாட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் குடும்பப் பெயர் தார்ன்பி. பதினான்கு தலைமுறை. உச்சிக்கு அருகே தாமஸ் தார்ன்பி, பக்கத்தில் மனைவி இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. பன்னிரண்டு வருடமாக அவர் விடுமுறை நாட்களையெல்லாம் தின்ற கேள்விக்குறி. பெண்வீட்டு ஊர்க் கோயிலில் கல்யாணம் நடந்திருக்கிறது, அவர் மாப்பிள்ளை வீட்டு ஊரிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கோமதி, இவங்க மார்கரெட் அம்மாவோட முன்னோர்கள்."

கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "அய்யய்யோ. அந்தம்மாவோட பாட்டன் பூட்டனா? நாங்க பாட்டுக்கு இன்னான்னவோ பேசிக்கினு கீறோமே. மேடம், அவங்களாண்ட சொல்லிடாதீங்க. வயசானவங்க, மனசு தாங்காது. இது இங்கயே பொட்டில கெடக்கட்டும், ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

அந்த நேரத்தில்தான் இன்னொன்றையும் சொன்னாள், குறையாகக்கூட இல்லை, சாதாரணமாக. "வாராவாரம் ரிஜெக்ட் ரிப்போர்ட் அனுப்பினோமே மேடம், உங்க பேருக்குத்தான். ஒன்னும் பதில் வரல, சரி, ஒத்துக்கினீங்கன்னு நெனச்சோம்."

வந்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் வந்திருந்தது. நல்ல தலைப்போடு, இணைப்போடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் இணைப்பைத் திறப்பவள் நான் இல்லை. விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. பக்கம் தாண்டியது உண்மை என்று எழுதிவிட்டால் என் வேலை பத்திரம், இவர்கள் பதினோரு பேரும் மறுபடி ஷிப்டு பேருந்து ஏறுவார்கள். அந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தோளில் சாய்ந்து தூங்கிய பெண்ணின் தலைக்கு எவ்வளவு கனம் என்பதும் நினைவுக்கு வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மார்கரெட் திரையில் வந்தார். அவருக்கு அது காலை நேரம், கையில் தேநீர். கோமதி தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் அவள் முந்திக்கொண்டாள்.

"அவங்க வூட்டு விசயம் எங்க வாயிலேர்ந்து வெளிய போவாதுன்னு மொதல்ல சொல்லுங்க மேடம். எல்லார் குடும்பத்துலயும் ஒன்னு ரெண்டு நடக்கறதுதான்."

"தகவல்களின் ரகசியம் முழுமையாகக் காக்கப்படும் என்கிறார்," என்று மொழிபெயர்த்தேன்.

"எந்தத் தகவல்?" என்றார் மார்கரெட்.

இனி சுற்றி வளைக்க வழியில்லை. அட்டையைக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். அவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடி, கிடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"ஜோன்," என்றார். "அவள் பெயர் ஜோன்."

குனிந்து, அந்தப் பெயரை உதட்டுக்குள் இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். கோமதி என் முழங்கையை இடித்தாள். "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, தாங்க மாட்டாங்கன்னு."

பிறகு அவர் தலை நிமிர்ந்து, இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேட்டார். சொன்னேன். சிவப்புப் பெட்டியைச் சொன்னேன், முறையைச் சொன்னேன், நான் எழுதிய தாளைச் சொன்னேன், திறக்காத வெள்ளிக்கிழமைக் கடிதங்களையும் சொன்னேன்.

"ஆக, அவர்கள் ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை," என்றார் மார்கரெட். "நீதான் தாண்டியிருக்கிறாய்."

"ஆமாம்."

"இருந்தாலும், கல்யாணத்தைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பவர்களிடம் பதிவேட்டைக் கொடுக்க முடியுமா? கணினிக்கு அபிப்பிராயம் கிடையாது. அதற்கு எல்லாக் கல்யாணமும் ஒன்றுதான். நான் யோசிக்க வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன். அந்த அட்டையை மட்டும் இப்போதே அனுப்பிவிடு."

நான் இதை அப்படியே தமிழில் சொன்னேன். வேலை போகலாம் என்று புரிந்ததும் ஒவ்வொருத்தியாகத் தட்டச்சை நிறுத்தினார்கள். கோமதி மட்டும் தலையை ஆட்டினாள். "அது முடியாது மேடம்."

"எது முடியாது?"

"ரெட் டப்பாலேர்ந்து ஒரு பீஸ் வெளிய போவணும்னா டீவியேஷன் வேணும். தேறாத பீஸ்தான், தெரிஞ்சுதான் வாங்கிக்கிறேன்னு கஸ்டமர் ஃபார்ம்ல எழுதிக் கையெழுத்து போடணும். ஏழு வருசத்துல நான் வாய் வார்த்தைக்கு ஒரு ஒயர்கூட விட்டதில்ல."

"கோமதி, இந்த நேரத்துல..."

"வேல போனா போவட்டும் மேடம். அது அவங்க இஷ்டம். ஆனா அவங்க ஆளுங்க கல்யாணம், கள்ளத்தனமா வெளிய போனா மாரி இருக்கக்கூடாது. முறையா போவட்டும்."

"எங்க பிஷப்பும் இதான் மேடம் குடுப்பாரு," என்றாள் ஸ்டெல்லா. அது எனக்குச் சுருக்கென்றது. தார்ன்பி காலத்து நிலக்கிழார்களின் தாத்தாக்களுக்கும் அதே கடிதம்தான் வந்துகொண்டிருந்தது. திருச்சபையின் பெரிய இடத்திலிருந்து, முத்திரையோடு, இந்தக் கல்யாணம் முறையில்லை ஆனாலும் நடக்கட்டும் என்று. அந்த மாதிரிக் கடிதங்களை நானே பட்டியலிட்டிருக்கிறேன். ஒரகடத்தில் அதற்கு டீவியேஷன் என்று பெயர்.

கோமதி பழைய தொழிற்சாலைப் படிவத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று தயாரித்தாள். பொருள் விவரம், குறை, குறையுடன் ஏற்கும் காரணம், இனி நிகழாமல் தடுக்க எடுக்கும் நடவடிக்கை. நான் ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். கீழே, கல்யாணம் என்பதால், அவளாகவே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டாள். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு. "ரெண்டு பக்கமும் ஒத்துக்கினாத்தான் கல்யாணம். ஒரு பக்கம் போட்டா செல்லாது." இதை எழுபத்தொரு வயது மார்கரெட்டுக்கு அனுப்பும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் பொத்தானை அழுத்தினேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு இரவு விமானம். விடுதியில் அன்றைக்கென்று இட்லி இருந்தது, பசி இல்லை. பெட்டியோடு அலுவலகத்துக்குப் போனேன், மேம்பாலத்தைச் சுற்றி, அடையாள அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு. பதினோரு பேரும் வேலை செய்வதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை யாரும் முழுதாகச் சாப்பிடவில்லை. கோமதி எனக்கென்று முள்ளில்லாத கறிக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். அதிலும் பாதியை மூடி வைத்துவிட்டேன்.

மூன்றே காலுக்குக் கடிதம் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு வெள்ளிக்கிழமை இணைப்பை அத்தனை வேகமாகத் திறந்தது அன்றுதான். எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மார்கரெட் படிவத்தை அச்செடுத்து, மைப் பேனாவால் நிரப்பிப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. அடுத்த மாவட்டத்தின் பதிவேடுகள் திங்கட்கிழமை வந்து சேரும். சிவப்புச் சீட்டுகளைக் கிழிக்க வேண்டாம், எது என்ன முறை என்று தனிப் பத்தியாக அட்டவணையில் ஏற்றவும், எங்களில் யாருக்கும் அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. கடைசி வரி எனக்கு: வெள்ளிக்கிழமைக் கடிதங்களை இனி நானே திறப்பேன்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஸ்டெல்லா அழ ஆரம்பித்துவிட்டாள். யாரோ கைதட்டினார்கள். கோமதி கையை உயர்த்தி நிறுத்தினாள். "இருங்கடி. ஃபார்ம் மொதல்ல. படிங்க மேடம்."

"இனி நிகழாமல் தடுக்க எடுக்கும் நடவடிக்கை: தேவையில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் காலமாகிவிட்டார்கள்."

"சரி, நியாயம்தான். காரணம்?"

"குறையுடன் ஏற்கும் காரணம்: இவர்கள் கட்டிக்கொண்டிருக்காவிட்டால், இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட இன்றைக்கு ஆள் இல்லை."

கீழே பெயின்ட் கடையில் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன். மார்கரெட் மாப்பிள்ளை வீடு என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். பெண் வீடு என்ற இடம் காலி. கோமதி இதற்காகவே படிவத்தைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாள்.

கோமதி மறுபடியும் கவிழ்த்து வைத்திருந்த அட்டையை நிமிர்த்தினாள். தாமஸையும் ஜோனையும் ஒருமுறை படித்தாள். திரையில் இருந்த கையெழுத்தையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அட்டையில் ஓகே என்று எழுதி, எழுந்து போய்ப் பச்சைப் பெட்டியில் போட்டாள்.

"இன்னொரு கையெழுத்து?" என்றேன்.

"எதுக்கு மேடம்? பொண்ணு வூடும் அந்தம்மாதான், மாப்ள வூடும் அந்தம்மாதான். ஒன்னு போதும்."